கிடங்குச் சாலையில் ஒரு சனிக்கிழமை

ஸ்ரீபெரும்பூதூருக்குப் போய் வருகிறேன் என்று வீட்டில் சொன்னதும், என் அத்தை ஒரு சிறு பித்தளைச் சம்புடத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். "உடையவர் சந்நிதியில் பிரசாதம் வாங்கிக்கொண்டு வா" என்றாள். நான் போகும் காரியம் வேறு என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. காரியம் இதுதான்: ஸ்ரீபெரும்பூதூரிலிருந்து ஒரகடம் வரையில் உள்ள தொழிற்சாலைப் பிரதேசத்தில் மலிவு விலைப் பீருக்குப் பரம பக்தர்கள் ஏராளமாக இருக்கிறார்கள் என்று ஒரு நண்பர் சொல்லியிருந்தார். அவர்களுடைய அபிப்பிராயங்களை நேரில் கேட்டு எழுத வேண்டுமென்று எனக்கு ஆசை. இதை அத்தையிடம் எப்படிச் சொல்வது? சம்புடத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு பேசாமல் கிளம்பிவிட்டேன்.

நேயர்களுக்கு ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஆகையால் இந்தப் பீர் இனிக்கிறது, அந்தப் பீர் கசக்கிறது என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. சங்கீத ஞானம் இல்லாதவன் கச்சேரிக்குப் போனால், வித்துவானை விட்டுவிட்டுத் தலையாட்டுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பான் அல்லவா? நான் போனதும் அந்த ரீதியில்தான்.

பூந்தமல்லியில் பஸ் ஏறினேன். எனக்கு முன் ஆசனத்தில் கம்பெனிச் சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக இரண்டு இளைஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவன், "ஐயாயிரம் நமக்குச் சரிப்படாது மச்சான். பத்தாயிரம்தான் எப்பவும்" என்றான். மற்றவன் அதை ஆமோதித்தான். எனக்கு மனம் இளகிவிட்டது. இந்தக் காலத்தில் பத்தாயிரம் ரூபாய்ச் சம்பளத்தில் எப்படிக் குடித்தனம் நடத்துகிறார்கள்! "ஏன் தம்பி, வேலைக்குச் சேர்ந்து எத்தனை வருஷமாகிறது? இன்னும் பத்தாயிரம்தானா?" என்று கேட்டுவிட்டேன்.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு, பெரியவர் என்ற மரியாதையோடு எனக்கு விஷயத்தை விளக்கினார்கள். ஹேவர்ட்ஸ் 5000 என்று ஒரு பீர் உண்டு, அது ஐயாயிரம். எஸ்.என்.ஜே. 10000 என்று நம் மாகாணத்துச் சரக்கு ஒன்று உண்டு, அது பத்தாயிரம். கடையில் யாரும் முழுப் பெயரைச் சொல்லுவதில்லை, எண்ணைச் சொன்னால் போதும் என்றார்கள். "அது என்ன எண்?" என்று கேட்டேன். அது இருவருக்குமே தெரியவில்லை. "பத்தாயிரம் ஐயாயிரத்தைவிடப் பெரிசுதானே சார்?" என்றான் முதல் இளைஞன். அந்த நியாயத்துக்கு எதிர்வாதம் இல்லை. ஆனால், சட்டப்படி பீரில் நூற்றுக்கு எட்டுப் பங்குக்கு மேல் ஆல்கஹால் இருக்கக் கூடாது. எண்ணுக்குப் பின்னால் எத்தனை சைபர் போட்டாலும் எல்லையைத் தாண்ட முடியாது.

ஏரிகளும் ஆலைகளும்

பூந்தமல்லியை விட்டுப் பெங்களூர்ச் சாலையில் போகும்போது, ஆழ்வார் அவதரித்த திருமழிசை வருகிறது. இடது கைப் பக்கம் சற்றுத் தள்ளிச் செம்பரம்பாக்கம் ஏரி. பழைய செங்கற்பட்டு ஜில்லாவுக்கு ஏரி ஜில்லா என்றே பெயர். ஒவ்வொரு கிராமத்துக்கும் ஓர் ஏரி, ஒரு கலங்கல், ஒரு பிடாரி கோயில் என்று முன்னோர் கணக்காக ஏற்பாடு செய்துவைத்திருந்தார்கள். இன்றைக்கு ஏரிக்கரை மேலிருந்து பார்த்தால் நெல் வயல் இருந்த இடங்களில் நீல நிறத் தகரக் கூரைகள் கண்ணுக்கெட்டிய தூரம் பளபளக்கின்றன.

இருங்காட்டுக்கோட்டையில் கொரியா தேசத்து ஹூண்டாய் கம்பெனியின் முதல் கார் 1998-ல் வெளிவந்தது. ஸ்ரீபெரும்பூதூரில் நோக்கியா கம்பெனி 2006-ல் டெலிபோன் செய்யத் தொடங்கி, ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேலை கொடுத்து, 2014-ல் கதவைச் சாத்திக்கொண்டு போயிற்று. சுங்குவார்சத்திரத்தில் ஸாம்ஸங் தொழிலாளர்கள் 2024-ம் வருஷம் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்ததை எல்லோரும் பத்திரிகையில் படித்திருப்பார்கள். ஒரகடத்தில் 2010-ல் ரெனோவும் நிஸானும் சேர்ந்து கார்த் தொழிற்சாலை திறந்தார்கள். 2012-ல் டெய்ம்லர் லாரித் தொழிற்சாலை வந்தது. 2013-ல் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள் வந்தது. இவற்றுக்கு உதிரிப் பாகங்கள் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள் எத்தனை என்று எண்ணி முடியாது.

ஸ்ரீபெரும்பூதூரில் இறங்கி ஒரகடம் பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். இந்த ஊருக்கு இரண்டு ஞாபகங்கள் உண்டு. ஒன்று, 1017-ம் வருஷம் இங்கே உடையவர் பிறந்தார் என்பது. குரு ரகசியமாக உபதேசித்ததை அவர் திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தின் மேல் ஏறி நின்று, ஜாதி வித்தியாசம் பாராமல் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார் என்பது வரலாறு. மற்றொன்று, 1991-ம் வருஷம் மே மாதம் 21-ந் தேதி ராஜீவ் காந்தி இங்கே கொல்லப்பட்டார் என்பது. அந்த இடத்தில் இப்போது நினைவுச் சின்னம் இருக்கிறது. இந்த இரண்டையும் பார்க்க வெளியூரிலிருந்து ஜனங்கள் வருகிறார்கள். இங்கேயே தங்கி உழைக்கிற ஜனங்கள் சாயங்காலத்தில் எங்கே போகிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

ஒரகடம் போகும் சாலையின் இரு பக்கங்களிலும் கிடங்குகள். கார்ச் சக்கரத்துக்கு ஒரு கிடங்கு, சோப்புக்கு ஒரு கிடங்கு, தபாலில் வாங்குகிற புடவைக்கும் பாத்திரத்துக்கும் ஒரு பெரிய கிடங்கு. நடு நடுவே, ஏழடி உயர முருகன் நிற்கும் வல்லக்கோட்டைக்கு வழிகாட்டும் பலகை. அதைத் தாண்டினால் மறுபடியும் கிடங்கு.

லாகர் என்பதும் கிடங்குதான்

இங்கே ஒரு சிறு பாஷை விசாரணை. நம் ஊரில் விற்கிற பீரில் அநேகமாக எல்லாமே லாகர் என்னும் ஜாதியைச் சேர்ந்தது. லாகர் என்றால் ஜெர்மன் பாஷையில் கிடங்கு என்று அர்த்தம்! பவேரியா நாட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் அதைக் குளிர்ந்த நிலவறைகளில் வாரக்கணக்காக, மாதக்கணக்காகச் சேமித்துவைத்தார்கள். அந்தக் குளிரிலும் வேலை செய்யக்கூடிய ஒருவகை ஈஸ்ட், பாத்திரத்தின் அடியில் தங்கி, நிதானமாகப் புளிக்கச் செய்தது. 1842-ல் பொஹீமியாவில் பில்ஸன் என்ற ஊரில் பொன்னிறமான லாகரைக் காய்ச்சினார்கள். உலகத்தில் இன்று விற்கிற மலிவு லாகர்களெல்லாம் அதன் வம்சம்.

ஆகவே, லாகரின் சுபாவமே குளிரும் பொறுமையும். நம் நாட்டில் இவை இரண்டும் கிடைத்த இடம் மலைப் பிரதேசம். வெள்ளைக்காரப் பட்டாளத்தின் தாகத்துக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நீலகிரியிலும் பெங்களூரிலும் பீர் ஆலைகள் தோன்றின. தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவிலிருந்த ஐந்து ஆலைகளை 1915-ல் ஒன்று சேர்த்து யுனைடெட் பிரூவரீஸ் கம்பெனியை ஏற்படுத்தினார். 1947-ல் விட்டல் மல்லையா அதன் முதல் இந்திய டைரக்டரானார். இன்று மீன்கொத்திப் படம் போட்ட பாட்டிலை விற்பது அந்தக் கம்பெனிதான். பூந்தமல்லியிலிருந்து திருவள்ளூர் போகிற சாலையில் அரண்வாயலில் அதற்கு ஓர் ஆலை இருக்கிறது. இந்தத் தொழிற்சாலைப் பிரதேசத்துக்கு அது பக்கத்து ஊர்.

இதை வைத்துத்தான், "நம்ம ஊர்ச் சரக்கு சார், நம்ம ஏரித் தண்ணி!" என்று ஒருவர் என்னிடம் பெருமையாகச் சொன்னார். அவர் ஒரு கிடங்கில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டுகிறவர். இதிலுள்ள சுதேசியம் எவ்வளவு என்று கணக்குப் பார்த்தேன். வாற்கோதுமை ராஜஸ்தான், ஹரியானா பக்கத்தில் விளைவது. கசப்புச் சுவை தரும் ஹாப்ஸ் என்னும் பூவில் பெரும்பகுதி அயல்நாட்டிலிருந்து வருவது. மீன்கொத்திக் கம்பெனியில் பெரும்பான்மைப் பங்கு 2021 முதல் ஹாலந்து தேசத்து ஹைனகென் கையில் இருக்கிறது. ஐயாயிரத்தின் சொந்தக்காரர்கள் பெல்ஜியத்தில் இருக்கிறார்கள். பத்தாயிரம் ஒன்றுதான் நம் மாகாணத்துக் கம்பெனியுடையது. மிச்சம் நம்முடையது தண்ணீரும், பாட்டிலை ஏற்றி இறக்குகிற கைகளும்.

ஆனால் அந்த வண்டிக்காரரை நான் கேலி செய்யவில்லை. இந்தச் சாலை முழுவதும் அதே கதைதானே? பெயர் கொரியாவுடையது, ஜப்பானுடையது, ஜெர்மனியுடையது. தண்ணீரும் கைகளும் நம்முடையவை. தன் கை பட்டதைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள மனிதனுக்கு ஆசை இருக்கிறது. ராயல் என்பீல்டும் இங்கிலாந்திலே பிறந்ததுதான். 1955-ல் திருவொற்றியூருக்கு வந்தது. பிறந்த ஊரில் அது மூடிப்போய், இன்று இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகிறது. அதை நம்முடையது இல்லையென்று யார் சொல்வார்கள்?

பக்தர்களின் அபிப்பிராயங்கள்

சாயங்காலம் ஆறு மணிக்கு, பகல் முறை வேலை முடிந்து கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து ஜனங்களை இறக்கிவிட்டன. சற்று நேரத்தில் மதுக்கடைக்கு முன்னால் ஒரு கூட்டம் கூடிவிட்டது. அந்தக் கூட்டத்தில் நான் தமிழ் கேட்டேன், ஹிந்தி கேட்டேன், ஒரியா கேட்டேன், அஸ்ஸாமியும் கேட்டேன். மேல்ஜாதி கீழ்ஜாதி என்ற பேச்சே இல்லை. தோளோடு தோள் உராய ஒரே வரிசை. உடையவர் கோபுரத்தின் மேலேறி ஆசைப்பட்ட சமத்துவத்தை இந்த ஊரில் இந்த ஒரு வாசலில்தான் பார்க்கக் கிடைத்தது என்றால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

வரிசையில் அதிகமாகக் கேட்ட வார்த்தை, "அண்ணே, கூலிங் இருக்கா?" என்பது. பீர் பக்தர்களுக்குள் வைஷ்ணவ சைவ பேதம்போல எத்தனையோ கட்சிகள் இருந்தாலும், கூலிங் விஷயத்தில் எல்லோரும் ஒரே கட்சி. குளிர்ந்திருந்தால் எந்தப் பெயரானாலும் அமிர்தம். குளிராவிட்டால் அபிமானப் பெயரும் கஷாயம். "கூலிங் இல்லாத பத்தாயிரத்தைவிடக் கூலிங்கான ஐயாயிரம் மேல்" என்று ஒரு தர்மசாஸ்திரமே சொன்னார்கள்.

ஒரிஸாவிலிருந்து வந்த ஒரு வெல்டர், அரைகுறைத் தமிழில் தன் அபிமானத்துக்குக் காரணம் சொன்னான். அவனுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. ஆனால் மீன்கொத்திப் படம் அவன் ஊரிலும் உண்டு. "அங்கேயும் இதே பறவை" என்று பாட்டிலைக் காட்டினான். ஆயிரம் மைலுக்கு அப்பால் வந்தவனுக்குத் தெரிந்த முகம் அது ஒன்றுதான்போலும்.

கார்த் தொழிற்சாலையில் உத்தியோகம் பார்க்கும் ஓர் இஞ்சினீயர், "எல்லாம் ஒரே குழாயிலிருந்து வருகிறது, லேபிள்தான் வேறு" என்று உதட்டைப் பிதுக்கினார். ஆனாலும் அவர் தம் லேபிளைத் தவிர வேறு ஒன்றைத் தொடவில்லை. உள்ளூர்க் கிழவர் ஒருவர் எல்லாக் கட்சியையும் தள்ளிவிட்டார். "கழுநீர்த் தண்ணி! எங்க காலத்துக் கள்ளு இருந்ததே..." என்று பனைமரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். 1987 முதல் கள் இறக்குவது இங்கே சட்ட விரோதம். அவருடைய பெருமூச்சுக்கு வயது நாற்பதை நெருங்குகிறது.

பக்தி என்று நான் சொன்னேன். ஆனால் இங்கே பக்தன் தெய்வத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. விற்பவர் ஒரே வியாபாரி, அவர் சர்க்கார். 1983-ல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் ஏற்பட்டு மொத்த வியாபாரத்தை எடுத்துக்கொண்டது. 2003-ல் சில்லறைக் கடைகளும் அதன் கைக்கு வந்தன. அன்றைய லாரியில் எது வந்ததோ அதுதான் அன்றைய பிரசாதம். ஆகவே அபிமானப் பெயரைச் சொல்லிக் கேட்பதும், அது கிடைத்துவிட்டால் முகம் மலர்வதும், இல்லையென்றால் கிடைத்ததை வாங்கிக்கொண்டு போவதும் வழக்கமாகிவிட்டன.

நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வேறு ஒரு காலம் ஞாபகம் இருக்கும். 1937-ம் வருஷம் அக்டோபர் முதல் தேதி ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அதனால் குறைந்துபோன வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி போட்டார். 1948-ம் வருஷம் காந்தி ஜயந்தியன்று ஓமந்தூர் ரெட்டியார் மந்திரிசபை மாகாணம் முழுவதற்கும் மதுவிலக்கை விரிவாக்கியது. 1971-ல் கதவு திறந்தது; பிறகு மூடியது; மறுபடி திறந்தது. கள்ளுக்கு வருகிற வருமானம் வேண்டாம் என்பதற்காக ஏற்பட்ட விற்பனை வரி, மது திரும்பி வந்த பிறகும் போகவில்லை. இப்போது இரண்டும் உண்டு. 2023-24-ல் மதுவினால் சர்க்காருக்கு வந்த வருமானம் 45,855 கோடி ரூபாய். வருஷத்தில் சில நாட்கள் கடைக்கு விடுமுறை. மே தினம் அவற்றில் ஒன்று. தொழிலாளியின் பெயரால் ஒரு நாள் மூடுகிறார்கள். மற்ற நாட்களில் அவன் கையை எதிர்பார்த்துத்தான் கடை திறக்கிறது.

ஒரு பிட்டரின் சத்தியம்

கூட்டத்தில் ஒருவர் அவசரமில்லாமல் ஓரமாக நின்றார். முப்பது வயதிருக்கலாம். செய்யாறு பக்கம் சொந்த ஊர். ஐ.டி.ஐ. படித்துவிட்டு ஓர் உதிரிப் பாகக் கம்பெனியில் காண்டிராக்ட் பிட்டராக இருக்கிறார். வாரத்துக்கு ஒரு பீர், சனிக்கிழமை மட்டும் என்றார். எதற்காகப் பீர் என்று கேட்டேன்.

"எங்கப்பா கொத்தனார் சார். நாற்பத்தஞ்சு வயசுல ஈரல் கெட்டுச் செத்துட்டாரு. பிராந்திதான். காரியத்தன்னைக்கு எங்கம்மா கையைப் பிடிச்சு, 'ஹாட்டு பக்கம் போகமாட்டேன்'னு சத்தியம் பண்ணிக் குடுத்தேன். பீர் குடிச்சா சத்தியம் கெடாதுன்னு நானே வெச்சுக்கிட்டேன். இதுதான் சார் எனக்கு வேலி" என்றார்.

இதைக் கேட்டதும் என் கையிலிருந்த பென்சில் நின்றுவிட்டது. அதுவரையில் சிரிப்புக்குச் சரக்கு சேர்த்துக்கொண்டிருந்தவன் நான். ஒரு மலிவுப் பீரிடம் ஒருவருக்கு விசுவாசம் என்றால் அது ருசிக்காக, விலைக்காக, பழக்கத்துக்காக என்று நினைத்திருந்தேன். இந்த மனிதருடைய விசுவாசம் வேறு. படுகுழியின் ஓரத்தில் நின்றுகொண்டு ஒரு முட்கிளையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

"வேலி நிற்கிறதா?" என்று கேட்டேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "போன சித்திரையில ரெண்டு வாட்டி தவறிப்போச்சு சார். வெயில் தாங்கல. அன்னைக்குப் பீரெல்லாம் தீர்ந்துபோச்சு. கூட வந்தவனுங்க, 'அதே காசுக்குக் குவார்ட்டர் வாங்கலாம், மிச்சமும் வரும்'னானுங்க. கணக்குப் பார்த்தா அவனுங்க சொன்னதும் சரிதானே?"

அந்தக் கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன். 650 மில்லி பீர் பாட்டிலில் சட்டம் அனுமதிக்கிற அதிக அளவான எட்டுப் பங்கு ஆல்கஹால் இருந்தால் அது 52 மில்லி. 180 மில்லி பிராந்திக் குவார்ட்டரில் நூற்றுக்கு 43 பங்கு வீதம் ஆல்கஹால் சுமார் 77 மில்லி. பீர் பாட்டிலின் விலை இன்று நூற்றைம்பது ரூபாயைத் தாண்டிவிட்டது. சாதாரண ரகக் குவார்ட்டர் அதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. ஆகவே மலிவு பீர் என்று நாம் சொல்லுவது மற்ற பீர்களோடு ஒப்பிட்டால் மலிவு. பிராந்தியோடு ஒப்பிட்டால் அது கிராக்கி. கடுமையானது மலிவு, மென்மையானது கிராக்கி என்று வைத்தால், காசை எண்ணிப் பார்க்கிற ஏழை எந்தப் பக்கம் தள்ளப்படுவான்? பிட்டருடைய வேலியை வெயில் மட்டும் பிடுங்கவில்லை. விலைப் பலகையும் சேர்ந்து பிடுங்கியது.

மதுவே வேண்டாம் என்கிற கட்சியைச் சேர்ந்தவன் நான். பீரும் மதுதான், பாட்டில் பாட்டிலாகக் குடித்தால் அதுவும் ஈரலைத் தின்னும். இதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும், விற்பது என்று தீர்மானித்துவிட்ட சர்க்கார் கடுமைக்குத் தகுந்தபடி விலை வைக்கட்டும் என்று கேட்பது மதுவிலக்குக்காரனுக்கும் அடாத காரியமாகாது.

பெண்கள் சொன்னது

கடைக்குச் சற்றுத் தள்ளி ஓர் அம்மாள் சுண்டலும் வறுத்த கடலையும் வேகவைத்த முட்டையும் வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். காகிதத் தம்ளரும் தண்ணீர்ப் பொட்டலமும் அவளிடமே. இந்தக் கூட்டத்தினால்தான் அவளுக்குப் பிழைப்பு. அவளுடைய புருஷனும் இந்தக் கூட்டத்தில் ஒருவன்தானாம்.

"எது நல்ல பீர் அம்மா?" என்று வேடிக்கையாகக் கேட்டேன்.

"எனக்குப் பாட்டில்ல என்ன பேர் ஒட்டியிருந்தா என்னய்யா? சம்பளத்துல வீட்டுக்கு எவ்வளவு வருதுன்னுதான் நான் பாக்கணும். பீருன்னாலும் பிராந்தின்னாலும் ராத்திரி கதவைத் தட்டுற சத்தத்துலேயே எனக்குத் தெரிஞ்சுடும்" என்றாள். பிறகு, பிட்டரைச் சுட்டிக்காட்டி, "அந்தப் புள்ள பரவாயில்ல. ஒண்ணோட எழுந்திரிச்சுப் போயிடும். ஆனா போறதுக்கு இடம் எங்க இருக்குது? பத்துக்குப் பத்து ரூம்புல ஆறு பேரு. அங்க போய் மூஞ்சிய மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காரணும்" என்றாள்.

என் யாத்திரையில் நான் கேட்ட அபிப்பிராயங்களில் இதுதான் முதன்மையானது என்று நினைக்கிறேன்.

2016-ம் வருஷம் டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, நெடுஞ்சாலைகளிலிருந்து ஐந்நூறு மீட்டருக்குள் மதுக்கடை இருக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. குடித்துவிட்டு வண்டி ஓட்டிச் சாகிறவர்களைக் காப்பாற்ற வேண்டுமென்ற நல்லெண்ணம்தான் காரணம். 2017 ஏப்ரலில் நம் மாகாணத்தில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட கடைகள் ஒரே நாளில் மூடப்பட்டன. அவற்றில் பலவற்றை ஊருக்குள்ளும் வயல்வெளிக்கும் மாற்றப் பார்த்தபோது, அந்தந்த ஊர்ப் பெண்கள் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்து மறித்தார்கள். கடையை இங்கிருந்து அங்கே நகர்த்தலாம். கடைக்குப் போகிறவனுடைய சாயங்காலத்தை எங்கே நகர்த்துவது?

இந்தப் பக்கத்தில் தொழிலாளருக்குப் படுக்க இடம் இல்லை என்ற குறை கொஞ்சம் கொஞ்சமாக நீங்கி வருகிறது. வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கக்கூடிய விடுதி ஒன்றை 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். அதில் பெரும்பாலும் பெண்களே தங்குகிறார்கள். மிகவும் நல்ல காரியம். ஆனால் மனிதனுக்குப் படுக்கை மட்டும் போதுமா? எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் தூக்கம் என்றால், மீதி எட்டு மணி நேரம் இருக்கிறதே! அதற்கு இந்தச் சாலையில் என்ன ஏற்பாடு? நான் நடந்த தூரத்தில், காசு கொடுக்காமல் நாலு பேர் உட்கார்ந்து பேச ஒரு பெஞ்சு கண்ணில் படவில்லை. ஒரு வாசகசாலை படவில்லை. பந்தாட ஒரு மைதானம் படவில்லை. மரம் இருந்தது, அதைச் சுற்றி மேடை இல்லை. ஏரிக்கரை இருந்தது. அங்கே நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். காற்று சுகமாக வீசிற்று. ஆனால் கரை நெடுக உடைந்த பாட்டில் சில்லுகள். மாடு மேய்க்கிற சிறுவன் ஒருவன் செருப்பில்லாத காலை ஜாக்கிரதையாக எடுத்துவைத்து நடந்தான். நீலகிரி ஜில்லாவில் 2022-ல், ஹைகோர்ட்டு உத்தரவின்பேரில், பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலிப் பாட்டிலைத் திருப்பினால் அதைத் திருப்பிக் கொடுக்கும் முறை வந்தது. மலையில் யானையின் காலுக்காகச் செய்த ஏற்பாடு, சமவெளியில் இந்தப் பையனுடைய காலுக்கும் வேண்டியதுதான்.

ஏரியில் இருட்டு விழுவதற்கு முன், தண்ணீருக்கு மேல் நின்ற ஒரு காய்ந்த கிளையிலிருந்து நிஜமான மீன்கொத்தி ஒன்று பாய்ந்து, மீனைக் கவ்விக்கொண்டு பறந்தது. கரையில் உட்கார்ந்திருந்த வெல்டர் அதைப் பார்த்துக் கையைத் தட்டிச் சிரித்தான். அவன் கையில் அப்போது பாட்டில் இருந்தது. ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பாட்டில் தேவையாக இருக்கவில்லை.

பிட்டர் என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தார். இன்றைக்கு அவருக்குப் பீர் கிடைத்துவிட்டது, வேலி நின்றது. "அடுத்த வாரம் ஊருக்குப் போறேன் சார். அங்கே சனிக்கிழமை இது வேணும்னே தோணாது. தங்கச்சிப் பிள்ளைங்க இருக்காங்க, ஆத்தங்கரை இருக்குது. இங்க வந்தாத்தான் தோணுது" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் இவ்வளவு தூரம் வந்தேன்போலத் தோன்றியது. இந்தச் சாலையில் பீருக்கு இருக்கிற விசுவாசத்தில் பாதி, வேறு எதுவும் இல்லாத சாயங்காலத்துக்கு இருக்கிற விசுவாசம். கிடங்குகளில் சாமானுக்கு நிழல் போட்டிருக்கிறோம். சாமானைச் செய்கிறவனுக்குப் போடவில்லை.

ஸ்ரீபெரும்பூதூர் வந்து சேரும்போது மிகவும் நேரமாகிவிட்டது. சம்புடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சந்நிதித் தெருவுக்கு ஓடினேன். கதவு சாத்தியிருந்தது.

வீட்டில் அத்தை சம்புடத்தைத் திறந்து பார்த்தாள். "என்னடா, காலியாயிருக்கிறதே! நடை சாத்திவிட்டார்களா?" என்றாள்.

"ஆமாம் அத்தை. அந்த ஊரில் ராத்திரி பத்து மணி வரையில் திறந்திருப்பது ஒரே ஒரு கடைதான்" என்றேன்.

அத்தை என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. "அடுத்த சனிக்கிழமை காலையிலேயே கிளம்பு" என்று சொல்லி, சம்புடத்தை அலம்பி வைக்கப் போனாள்.